ஒன்றாம் வகுப்பின் முதல் பருவத்துக்கு எந்தச் சிலேட்டு வாங்குவது?

கோடை விடுமுறை முடியும் தறுவாயில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் ஒரு பட்டியலோடு கடைவீதிக்குப் போவது வழக்கம். அரசுப் பள்ளிகளுக்குப் பாடநூல், சீருடை, புத்தகப் பை ஆகியவை விலையில்லாமல் வந்துவிடுகின்றன. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022இல் தொடங்கியதிலிருந்து பயிற்சி நூல்களும் வருகின்றன. ஆயினும், தாளும் பென்சிலும் குழந்தையின் கைக்குப் போவதற்கு முன்பு, முதல் சில வாரங்களுக்கு எழுதி அழிக்க ஒரு பரப்பு வேண்டும். அதைப் பெரும்பாலும் ஆசிரியர் தம் கைக்காசிலிருந்தோ, ஊரில் மனமுள்ள ஒருவரின் உதவியைப் பெற்றோ வாங்குகிறார். கடையில் சிலேட்டு என்று கேட்டால் இன்று ஐந்து விதமான பொருள்களை எடுத்து மேசைமேல் வைக்கிறார்கள்: கல் சிலேட்டு, தகரச் சிலேட்டு, பிளாஸ்டிக் சிலேட்டு, மார்க்கரால் எழுதும் சிறிய வெள்ளைப் பலகை, பொத்தானை அழுத்தினால் மொத்தமும் அழிந்துபோகும் எல்சிடி பலகை. ஐந்தையும் வெவ்வேறு ஆண்டுகளில் என் வகுப்பில் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். இவற்றுள் பலவற்றில் தயாரிப்பாளர் பெயரே இருப்பதில்லை என்பதால் நிறுவனங்களை ஒப்பிடுவதில் பொருளில்லை. ஐந்து வயதுக் கைக்கு எது உதவுகிறது, எது இடைஞ்சல் செய்கிறது என்பதைக் கொண்டே மதிப்பிடுகிறேன்.

அந்தக் கையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மணிக்கட்டில் அமையவேண்டிய 8 சிறு எலும்புகளில் சில, ஏறக்குறைய இந்த வயதில்தான் குருத்தெலும்பு நிலையிலிருந்து எலும்பாகத் தொடங்குகின்றன. கடைசி எலும்பு உருவாகத் தொடங்க எட்டு ஒன்பது வயதாவது ஆகவேண்டும். இத்தகைய கையிடம் மெல்லிய பென்சிலைக் கொடுத்து, இரண்டு கோடுகளுக்கு நடுவில் ‘அ’வை அடக்கி எழுதச் சொன்னால், குழந்தை பென்சிலை முஷ்டியால் இறுக்கிக்கொண்டு, தோளைத் தூக்கி, தாள் கிழியும்படி அழுத்தி எழுதுகிறது. ஜூன் மாதத்தில் வகுப்பில் உட்காருபவர்களும் ஒரே விதமானவர்கள் அல்லர். அங்கன்வாடியிலிருந்து நேராக வருபவர்கள், தனியார் பள்ளியில் யுகேஜி முடித்து வருபவர்கள், அம்மாவின் சேலைத் தலைப்பை அன்றுதான் முதன்முதலாக விடுகிறவர்கள் எனப் பலரும் ஒரே பாயில் கலந்திருப்பார்கள். யுகேஜி முடித்தவர் ஏ முதல் இசட் வரை மளமளவென்று எழுதிக் காட்டுவார். ஆனால் அருகில் நின்று கவனித்தால் பாதி எழுத்துகளைக் கீழிருந்து மேலாக எழுதுவது தெரியும். பென்சில் பிடித்தே அறியாத குழந்தைக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்துவிடலாம். தவறான திசையில் பழகிவிட்ட கையைத் திருப்புவதுதான் பெரும்பாடு. எனவே நல்ல சிலேட்டுக்கு மூன்று இலக்கணங்கள் போதும். எழுத்தை உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக எழுத இடம் வேண்டும். எழுதுகோலைச் சற்றே தடுத்து நிறுத்தும் சொரசொரப்பு வேண்டும். ஓர் எழுத்தை மட்டும் தனியே அழிக்க முடிய வேண்டும்.

இந்த மூன்றிலும் கல் சிலேட்டு முன்னால் நிற்கிறது. களிமண் படிவங்கள் நிலத்தடி அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் இறுகி, தகடு தகடாகப் பிளக்கக்கூடிய கல்லாக மாறியதே சிலேட்டுக் கல். ஆந்திரத்தின் மார்க்காபுரம் இந்தத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. நம் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும் கல் சிலேட்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், வியாபாரிகள் பெரும்பாலும் அந்த ஊரின் பெயரைத்தான் சொல்கிறார்கள். பல்பம் இந்தக் கல்லில் உரசும்போது கைக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது. கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே திரும்புகிறது என்பதைக் கண்ணோடு சேர்ந்து விரலும் அறிகிறது. ஆசிரியருக்கும் இதில் ஓர் ஆதாயம் உண்டு. ‘ட’ எழுதும்போது மேலிருந்து இறங்கும் ஓசை மூலையில் ஒரு கணம் நின்று, பிறகு வலப்பக்கமாகத் தொடர வேண்டும். அந்த இடைநிறுத்தம் இல்லாமல் ஓசை ஒரே இழுப்பாகப் போனால், கோணத்தை வளைவாக்கி எழுதுகிறார்கள் என்பது நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருக்கும்போதே தெரிந்துவிடும். கல் சிலேட்டுகள் பலவற்றில் ஒரு பக்கம் வெறுமையாகவும் மறுபக்கம் கோடோ கட்டமோ கீறியும் இருக்கும். எண்களைத் தொடங்கும்போது அந்தக் கட்டங்கள் மிகவும் பயன்படுகின்றன; கட்டத்துக்கு ஓர் எண் என்று வைத்துவிட்டால், ‘12’ என்பதில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு என்பதை விளக்கிச் சொல்லாமலே குழந்தை கண்டுகொள்கிறது.

கல் சிலேட்டின் குறைகளும் எல்லோரும் அறிந்தவையே: கனமானது, கீழே விழுந்தால் உடையும், உடைந்த விளிம்பு கையைக் கீறும். பையில் வைத்து வீட்டுக்கும் பள்ளிக்கும் தூக்கிக்கொண்டு அலையவிட்டால், காலாண்டுத் தேர்வுக்குள் பாதி சிலேட்டுகள் சட்டம் மட்டுமாக மிஞ்சும். அதனால் சிலேட்டை வகுப்புடைமையாக்கி, சட்டத்தில் பெயிண்டால் எண் எழுதி, சுவரோரம் புத்தகம் அடுக்குவதுபோல் நிற்க வைத்துவிடுவது நல்லது. எண்ணைப் பார்த்துத் தம் சிலேட்டை எடுப்பதும், அதே இடத்தில் திருப்பி வைப்பதும் முதல் வாரத்தின் எண் பாடமாகவே அமைந்துவிடுகின்றன. புதிய கல்லில் முதல் சில நாள்கள் கோடு மங்கலாகவே விழும். கோவை இலையையும் அடுப்புக் கரியையும் சேர்த்துத் தேய்த்துக் காயவிட்டால் கறுப்பு ஏறி எழுத்து பளிச்சென்று தெரியும். அடுப்புக் கரி இப்போது கிடைப்பதுதான் கடினம். இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டால் ஒரு கைப்பிடி கொடுப்பார்.

எழுதுகோலைப் பற்றியும் சொல்லாமல் சிலேட்டின் மதிப்பீடு முழுமையாகாது. கடையில் பெட்டியாக விற்கும் நீண்ட பல்பத்தை அப்படியே கொடுத்தால் குழந்தை அதை முஷ்டியால்தான் பிடிக்கும். இரண்டாகவோ மூன்றாகவோ ஒடித்து, சுண்டுவிரலில் பாதி நீளத்துக்குத் துண்டாக்கிக் கொடுத்தால், முஷ்டியில் பிடிக்க இடமில்லாததால் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் தாமாகவே ஒன்றுசேருகின்றன. பிடியைச் சொல்லிச் சொல்லித் திருத்துவதைவிட இது நூறு மடங்கு எளிது. முதல் இரண்டு வாரங்களுக்குப் பல்பத்தைவிடச் சாக்பீஸ் துண்டே நல்லது. கோடு தடிமனாக விழுவதால் அழுத்த வேண்டிய தேவையில்லை. தூசி பறக்கும் என்பது உண்மைதான். ஈரத்துணியால் துடைக்கப் பழக்கினால் அதுவும் குறையும். பல்பம் தின்னும் குழந்தைகள் எல்லா ஆண்டும் ஓரிருவர் இருப்பார்கள். அவர்களைத் திட்டுவதால் தின்பது மறைவிடத்துக்கு மாறுமேயன்றி நிற்காது. மண், பல்பம் போன்றவற்றைத் தின்னும் விருப்பம் இரத்தசோகையோடு சேர்ந்து வருவதுண்டு என்பதால், பள்ளிக்கு மருத்துவக் குழு வரும்போது அக்குழந்தையை முதலில் காட்டிவிடுவது நல்லது.

துடைக்கும் முறை அற்பமாகத் தோன்றலாம். அதையும் முதல் நாளே பழக்காவிட்டால் எச்சில் தொட்டு உள்ளங்கையால் துடைப்பதே வழக்கமாகிவிடும். பழைய சோப்பு டப்பாவில் ஈரப் பஞ்சு ஒன்றை வைத்து இருவருக்கு ஒன்றாகக் கொடுத்தால் சிக்கல் தீர்ந்தது. இடக்கைப் பழக்கமுள்ள குழந்தைக்கு மட்டும் ஒரு சங்கடம் உண்டு. தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலமாகச் செல்வதால், எழுதி முடித்த எழுத்தின்மேல் அதன் கை உரசிச் சென்று, வரி முடிவதற்குள் தொடக்கம் அழிந்துவிடும். சிலேட்டை வலப்பக்கமாகச் சாய்த்து, மேல் விளிம்பு சற்று வலப்புறம் பார்க்கும்படி வைத்துக்கொடுத்தால் கை எழுத்துக்குக் கீழே நகரும். என் வகுப்பில் ஒரு சிறுமி இதை நான் காட்டும் முன்பே தானாகக் கண்டுபிடித்து, பக்கத்திலிருந்த வலக்கைக்காரியையும் அப்படியே சாய்க்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தாள்.

தகரச் சிலேட்டு உடையாது, கனமுமில்லை, விலையும் மலிவு. வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டுமென்றால் இதுவே ஏற்றது. ஆனால் எழுதும் பரப்பு தகரத்தின்மேல் பூசிய வண்ணமே என்பதால், அந்தப் பூச்சு எவ்வளவு காலம் நிற்கிறதோ அவ்வளவு காலம்தான் அதன் ஆயுள். இரண்டாம் பருவத்தில் நடுப்பகுதி பளபளத்து, அங்கே மட்டும் எழுத்து விழாமல் போகும். கரும்பலகைக்கு அடிக்கும் வண்ணத்தை வாங்கி ஒரு முறை பூசினால் மறுபடி பயன்படும்; கோடை விடுமுறையில் அதற்கு மெனக்கெட வேண்டும். விளிம்பு சட்டத்துக்குள் நன்றாக மடிந்திருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. 25 பேர் ஒரே நேரத்தில் தரையில் வைக்கும் ஓசைக்கும் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவைப்பது நல்லது.

பிளாஸ்டிக் சிலேட்டுதான் கடைகளில் அதிகம் தொங்குகிறது. மேல் சட்டத்தில் வண்ண மணிகள் கோத்து, ஓரங்களில் எழுத்துகள் அச்சிட்டு, பார்வைக்கு அழகாக இருப்பதால் பெற்றோர் வாங்குவதும் இதைத்தான். எழுதும் பொருளாக ஐந்தில் இதுவே கடைசி. பரப்பு வழவழப்பாக இருப்பதால் பல்பம் வழுக்குகிறது. கோடு விழ வேண்டுமென்று குழந்தை அழுத்துகிறது. அழுத்தியதும் பல்பம் ஒடிகிறது. எதைத் தவிர்க்கச் சிலேட்டுக்கு வந்தோமோ, அதுவே மறுபடி வந்து சேர்கிறது. ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் மெல்லிய உப்புத்தாளால் வட்ட வட்டமாக ஒரு முறை தேய்த்துவிட்டால் ஓரளவு பிழைக்கலாம். ஓரத்தில் அச்சிட்ட எழுத்துகளை நம்ப வேண்டாம். ‘ழ’வின் வாலும் ‘ஞ’வின் வளைவும் சிலவற்றில் கோணலாக இருக்கின்றன, குழந்தையோ அச்சிலிருப்பதையே சரியென்று கொள்கிறது. மணிகள் மட்டும் பயனுள்ளவை. ஒரு கம்பியில் பத்து மணிகள் சரியாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து வாங்கவும். ஒன்பதோடு முடிந்துவிடும் சட்டங்களும் விற்பனைக்கு வருகின்றன.

வெள்ளைப் பலகையைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. மார்க்கர் தடையின்றி ஓடுவதால் பெரியவர்களுக்கு வசதி; எழுத்தின் வடிவத்தைக் கையால் உணரவேண்டிய குழந்தைக்கு அந்த வசதியே குறை. மூடி தொலைந்த மார்க்கர் அன்றே காய்ந்துபோகிறது, மை வெள்ளைச் சட்டையில் ஏறுகிறது, செலவும் ஆண்டு முழுவதும் தொடர்கிறது. ஆசிரியரிடம் ஒன்றிருந்தால் போதும்.

எல்சிடி பலகையைப் பிறந்தநாள் பரிசாகப் பெற்று வகுப்புக்குக் கொண்டுவரும் குழந்தைகள் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே வருகிறார்கள். எழுதும்போது மின்சாரம் செலவாவதில்லை. அழிக்கும் பொத்தானுக்கு மட்டும் உள்ளே ஒரு நாணய வடிவ பேட்டரி இருக்கிறது. தூசியில்லை, துடைப்பதில்லை, தொலைந்துபோகப் பல்பமில்லை; பேருந்தில், மருத்துவமனையில் காத்திருக்கும் நேரத்தில் கோடு கிழித்து விளையாட நல்ல பொருள்தான். வகுப்புக்கு ஒவ்வாததன் முதல் காரணம், மலிவான பலகைகளில் ஓர் எழுத்தை மட்டும் அழிக்க முடியாது என்பதே. ஐந்து எழுத்தில் நான்கைச் சரியாக எழுதிய குழந்தை, ஐந்தாவதைத் திருத்த வேண்டுமானால் நான்கையும் இழக்க வேண்டும். முதல் வாரத்திலேயே அக்குழந்தைக்கு எழுதுவதைவிடப் பொத்தானை அழுத்துவது இன்பமாகிவிடுகிறது; நான் மேசையிலிருந்து எழுந்து பாய்வரை வருவதற்குள் பலகை காலியாக இருக்கும், ‘எழுதிட்டேன் மிஸ், அழிஞ்சிருச்சு’ என்ற பதில் தயாராக இருக்கும். இரண்டாவது காரணம் கடுமையானது. நாணய பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக் குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகும். பேட்டரி மூடியில் திருகாணி இல்லாத பலகையை வீட்டுக்குள்ளும் வைக்க வேண்டாம் என்றே பெற்றோரிடம் சொல்லிவருகிறேன்.

எந்தச் சிலேட்டையும் வாங்குவதற்கு முன் பள்ளிச் சுவரை ஒரு முறை சுற்றிப் பார்க்க வேண்டும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கி, பின்னர் தமிழ்நாடு முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலின்போது, குழந்தைகளின் உயரத்துக்கேற்பச் சுவரின் கீழ்ப்பகுதியில் கரும்பலகைகள் அமைக்கப்பட்டன. அம்முறையின் பாட அட்டைகளும், கற்றல் படிகளை வரிசையாகக் காட்டிய ஏணிப்படி அட்டவணையும் போய்விட்டாலும், பல பள்ளிகளில் அந்தக் கீழ்மட்டக் கரும்பலகைகள் பீரோவுக்குப் பின்னாலும் சார்ட்டுகளுக்கு அடியிலும் இன்னும் இருக்கின்றன. என் மதிப்பீட்டில் முதல் பத்து நாள்களுக்கு அவையே ஐந்து சிலேட்டுகளையும் விஞ்சியவை. நின்றுகொண்டு தோளிலிருந்து கையை வீசி, ஒரு முழ உயரத்துக்குப் படுக்கைக் கோடும் நின்ற கோடும் சாய்கோடும் அரைவட்டமும் சுழியும் போட்ட குழந்தை, பிறகு அமர்ந்து சிலேட்டைத் தொடும்போது கை தயங்குவதில்லை. பெரிய அசைவிலிருந்து சிறிய அசைவுக்குப் போகும் இந்த வரிசை நம் திண்ணைப் பள்ளிகளுக்கும் புதிதன்று; அங்கே மணலில் விரலால் எழுதிய பிறகே ஓலை கைக்கு வந்தது. சென்னை எழும்பூரில் இராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் அந்த மணல் எழுத்தைக் கண்டு தம் பள்ளியிலும் புகுத்தி, 1797இல் இலண்டனில் அதைப் பற்றி நூலாகவே வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்கும் போனது. மணல் தட்டை இன்றும் ஒரு பழைய எவர்சில்வர் தாம்பாளத்தில் செய்துகொள்ளலாம், செலவு ஒன்றுமில்லை.

வகுப்பறையில் சிலேட்டின் பெரிய பயன், திருத்தும் வேலையில் தெரிகிறது. ‘ப’ எழுதச் சொல்லி, ‘காட்டுங்க’ என்றதும் 25 சிலேட்டுகளும் ஒரே நேரத்தில் தலைக்கு மேலே உயரும். யார் தலைகீழாக எழுதினார், யார் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட்டார், யார் பக்கத்துச் சிலேட்டைப் பார்த்தார் என்பதெல்லாம் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். குறிப்பேட்டில் இதையே பார்க்க ஒரு பாடவேளை போகும். போனாலும் அதற்குள் குழந்தை அந்தத் தவற்றை ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பழகியிருக்கும். சிலேட்டில் சிவப்பு மையில் தவறு போடும் வாய்ப்பே இல்லை. ஈரப் பஞ்சை எடுத்து அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறது குழந்தை, அவ்வளவுதான். எழுதப் பயப்படும் குழந்தைகளிடம் இந்த வேறுபாடு வெகு விரைவில் தெரிகிறது.

இதற்கு எதிரான ஒரே வலுவான வாதம் பெற்றோரிடமிருந்து வருகிறது. சிலேட்டில் எழுதியது மாலையில் வீட்டுக்கு வராது. ‘பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு நோட்டே முடிச்சிருச்சு டீச்சர், எம் பையன் நோட்டு வெள்ளையாவே கிடக்கு’ என்று ஜூலை மாதத்தில் குறைந்தது ஐந்து தாய்மார்களாவது வாசலில் நிற்பார்கள். அவர்கள் கவலை நியாயமானது. படிக்கவைக்கத்தானே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொருவர் சிலேட்டையும் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பத் தொடங்கியபின் இந்தப் புகார் பெருமளவு குறைந்தது. சென்ற வாரப் படத்தையும் இந்த வாரப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் தாய்க்கு முன்னேற்றம் நன்றாகவே தெரிகிறது.

சிலேட்டை எப்போது நிறுத்துவது என்று கேட்டால், நாள்காட்டியைப் பார்த்துச் சொல்ல இயலாது. சிலேட்டின் முழு அகலத்தையும் பிடித்துக்கொண்டிருந்த ‘அ’, யாரும் சொல்லாமலே சிறிதாகி, ஒரு வரியில் மூன்று நான்கு எழுத்துகள் ஒரே உயரத்தில் நிற்கத் தொடங்கும். அந்த நிலைக்கு வந்தவருக்கு அகலக் கோடிட்ட குறிப்பேட்டையும் தடித்த பென்சிலையும் கொடுத்துவிடலாம். மற்றவர்கள் சிலேட்டிலேயே தொடரட்டும். பெரும்பாலோர் முதல் பருவத் தேர்வுக்குள் வந்துவிடுகிறார்கள். குறிப்பேட்டுக்குப் போனவர்களும் புதிய எழுத்து வரும் நாளில் மறுபடி சிலேட்டை எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ‘ஞ’வுக்கும் ‘ண’வுக்கும் மூன்றாம் வகுப்புவரைகூட அது தேவைப்படுகிறது.

ஆக, வகுப்பில் வைத்துக்கொள்ளக் கல் சிலேட்டு, வீட்டுக்குக் கொடுத்தனுப்பத் தகரச் சிலேட்டு என்பதே என் தேர்வு. கல் சிலேட்டு வாங்குபவர்கள் வகுப்பு எண்ணிக்கைக்கு மேல் குறைந்தது ஐந்து கூடுதலாக வாங்கிவைக்கவும். சட்டத்தின் நான்கு மூலைகளும் ஆடாமல் இருக்கின்றனவா என்று பார்த்து, கல்லை விரல் முட்டியால் தட்டி, ஓசை மந்தமாக வந்தால் விரிசல் இருக்கக்கூடும் என்று ஒதுக்கிவிடவும். கையோடு ஒரு பல்பம் கொண்டுபோய்க் கடையிலேயே ‘ட’ எழுதிப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். நகரத்துப் பெரிய ஸ்டேஷனரிக் கடைகளில் கல் சிலேட்டைக் கேட்டால் இல்லையென்று கையை விரிப்பார்கள். சிற்றூர்களின் பழைய பாத்திரக் கடை, மளிகைக் கடை பரண்களில்தான் இப்போது அது கிடைக்கிறது. மே மாதத்திலேயே சொல்லிவைத்தால், ஜூன் முதல் வாரத்துக்குள் வரவழைத்துக் கொடுத்துவிடுவார்கள்.